தின்று ஒட்டும் உலோகம்

உருகிய உலோகத்துக்கும் செராமிக்குக்கும் ஆகாது. வழவழப்பான ஓர் அலுமினாத் தகட்டின் மேல் சிறு வெள்ளித் துண்டை வைத்து, வெற்றிட உலையில் 1000 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றிப் பாருங்கள். வெள்ளி உருகும், ஆனால் பரவாது. உருண்டு திரண்டு, தகட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். குளிர்ந்தபின் தகட்டைச் சாய்த்தால் உறைந்த மணி உருண்டு விழுந்துவிடும்; விழுந்த இடத்தில் கறைகூட இருக்காது. தங்கத்தை வைத்தாலும் செம்பை வைத்தாலும் வெள்ளீயத்தை வைத்தாலும் இதே கதைதான்.

இரும்புத் தகட்டுக்குத் துத்தநாகக் காப்பு கொடுப்பது எவ்வளவு சுலபம்! உருகிய துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுத்தால் போதும், கூரைத் தகடு தயார். அதே உபாயத்தைச் செராமிக்கிடம் காட்ட முடியாது. முக்கலாம், எடுக்கலாம், எடுத்த பொருள் முக்குவதற்கு முன் இருந்தபடியே வெளியே வரும். ஆனாலும் உருகிய உலோகத்தால் செராமிக்குக்குக் காப்பிடும் வேலை இன்று விண்கலத்திலும் விமான எஞ்சினிலும் பந்தயக் காரின் பிரேக்கிலும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அது நடக்கும் விதத்தைப் பார்த்தால் பூச்சு என்று சொல்லவே தயக்கமாக இருக்கும். அங்கே உலோகம் செராமிக்கின் மேல்தோலைக் கொஞ்சம் தின்கிறது. தின்ற இடத்தில் வேறொரு பொருளைப் பிறப்பிக்கிறது. அந்தப் புதுப்பொருளின் மேல்தான் அதனால் பரவ முடிகிறது.

முதலில் அந்த ஆகாமையைப் பார்த்துவிடுவோம். ஒரு திரவத் துளி ஒரு திடப்பரப்பின் மேல் எந்தக் கோணத்தில் அமர்கிறது என்பதை வைத்து அந்த இரண்டுக்கும் இடையிலான உறவைக் கணிக்கலாம் என்று 1805-இல் தாமஸ் யங் காட்டினார். பள்ளிப் பாடத்தில் சேர்கோணம் என்று படித்திருப்போம். சுத்தமான கண்ணாடியில் தண்ணீரின் சேர்கோணம் கிட்டத்தட்ட சுழி. அது பரவி ஓடிவிடும். பாதரசத்துக்கு அதே கண்ணாடியில் 140 டிகிரி அளவில் இருக்கும். அதனால்தான் உருண்டு ஓடுகிறது. 90 டிகிரி எல்லைக்கோடு. அதற்குக் கீழே இருந்தால் திரவம் பரப்பை நனைக்கிறது என்பார்கள், மேலே இருந்தால் நனைக்கவில்லை. அலுமினா மேல் உருகிய வெள்ளி 120 டிகிரியையும் தாண்டி நிற்கும்.

காரணம் எலக்ட்ரான்களின் குடித்தனத்தில் இருக்கிறது. உலோகத்தில் எலக்ட்ரான்கள் யாருக்கும் சொந்தமில்லாமல் திரிகின்றன. அலுமினாவிலோ ஒவ்வொரு எலக்ட்ரானும் அலுமினியத்துக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே பூட்டப்பட்டிருக்கிறது. வெளியிலிருந்து வருகிற உலோக அணுவுக்குக் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. இரண்டும் எதிரெதிரே நின்றால் மெல்லிய வாண்டர் வால்ஸ் ஈர்ப்பு மட்டும் மிஞ்சுகிறது. இன்னொரு பக்கம், உலோகத் திரவம் தன்னைத் தானே இழுத்துப் பிடித்துக்கொள்ளும் வலிமை சாமானியமல்ல. தண்ணீரின் பரப்பு இழுவிசையைப் போல உருகிய வெள்ளிக்குப் பத்து மடங்குக்கும் மேல், செம்புக்கு இன்னும் அதிகம். இப்படித் தன்னைத் தானே இறுக்கிக்கொள்ளும் ஒன்று, எதுவும் கொடுக்காத பரப்பின் மேல் ஏன் பரவப்போகிறது?

இந்த ஒட்டாமையை நம்பித்தான் பல தொழில்கள் பிழைக்கின்றன. உலோகத்தை உருக்கும் மூசையைச் செராமிக்கில் செய்கிறோமே, உலோகம் அதை நனைத்து ஊறிக்கொண்டே போனால் உருக்குவது எதில்? அலுமினிய வார்ப்படங்களில் அகப்பைக்கும் வாய்க்காலுக்கும் போரான் நைட்ரைடு பூசுவது, உலோகம் ஒட்டாமல் வழுக்கிப் போகட்டும் என்பதற்காக. ஜன்னல் கண்ணாடி அதைவிட நல்ல உதாரணம். பிரிட்டனில் பில்கிங்டன் நிறுவனம் 1959-இல் அறிவித்த மிதவைக் கண்ணாடி முறையில், கண்ணாடிக் குழம்பு உருகிய வெள்ளீயக் குளத்தின் மேல் மிதந்தபடியே தட்டையாகிறது. வெள்ளீயம் ஒட்டியிருந்தால் அந்தத் தொழிலே பிறந்திருக்காது. அப்படியும் வெள்ளீயம் முழுதும் யோக்கியமாக இருப்பதில்லை. கண்ணாடியின் அடிப்பக்கத்தில் துளியூண்டு ஊறிவிடும். புற ஊதா விளக்கைக் காட்டினால் அந்தப் பக்கம் மங்கலாக ஒளிரும். எந்தப் பக்கம் குளத்தைத் தொட்டது என்று கண்ணாடித் தொழிலாளர்கள் அப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

பொற்கொல்லரிடம் கேட்டால் வேறு யோசனை சொல்வார். பற்றாசு ஓடவில்லையென்றால் வெண்காரம் வை. அவருடைய வேலைக்கு அது சரி. நகையின் மேல் சூட்டில் படியும் ஆக்சைடுப் படலத்தை வெண்காரம் கரைத்து விலக்கும், கீழே பளிச்சென்று உலோகம் தெரியும், பற்றாசு ஓடிப் பிடித்துக்கொள்ளும். அலுமினாவுக்கு வெண்காரம் வைத்து என்ன செய்ய? அது மேலிருந்து அடிவரை ஆக்சைடேதான். விலக்கிப் பார்த்தால் உள்ளே இன்னும் கொஞ்சம் ஆக்சைடு.

வழி வேறிடத்திலிருந்து வந்தது. வெள்ளி 72 பங்கு, செம்பு 28 பங்கு சேர்த்த கலவை 780 டிகிரியில் உருகும். நல்ல பற்றாசு, ஆனால் அலுமினாவை நனைக்காது. இதே கலவையில் இரண்டு மூன்று விழுக்காடு டைட்டானியம் சேர்த்தால் போக்கே மாறிவிடுகிறது. உருண்டையாக நின்ற துளி மெல்ல அமர்ந்து, விளிம்பு நகர்ந்து, தகட்டின் மேல் பரவத் தொடங்கும். குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் உலோகத்துக்கும் அலுமினாவுக்கும் நடுவே சில மைக்ரோமீட்டர் தடிப்பில் ஒரு புதிய அடுக்கு தெரியும். அலுமினாவின் ஆக்சிஜனை டைட்டானியம் பிடுங்கிச் சேர்த்துக்கொண்டதில் பிறந்த அடுக்கு அது. அதில் டைட்டானியத்தின் தாழ்ந்த ஆக்சைடுகள் இருக்கின்றன. அவை பெயருக்கு ஆக்சைடு, குணத்தில் பாதி உலோகம். எலக்ட்ரான் ஓடும். உருகிய கலவை அந்த அடுக்கைத் தன் இனமாகப் பாவித்து நனைக்கிறது.

டைட்டானியம் ஆக்சிஜனுக்கு அலைகிற உலோகம் என்பதால் இந்த வேலையைக் காற்றில் செய்ய முடியாது. செராமிக்கைத் தொடுவதற்குள் காற்றிலிருந்தே வயிற்றை நிரப்பிக்கொள்ளும். ஆகவே வெற்றிட உலை வேண்டும், அல்லது மிகத் தூய ஆர்கான். டைட்டானியத்தைக் கூட்டினால் ஒட்டும் கூடுமா என்றால், கூடாது. அடுக்கு தடிக்கத் தடிக்க நொறுங்கும் தன்மையும் ஏறுகிறது, குளிரும்போது விரிசல் அங்கேதான் ஓடும். தின்ன வைப்பது எளிது. எங்கே நிறுத்துவது என்பதில்தான் இந்தத் தொழிலின் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது.

இந்த நனைத்தலை ஒரு துறையாகவே வளர்த்தவர்களில் இருவரைச் சொல்ல வேண்டும். கீவ் நகரத்தில் யூரி நைடிச், வைரத்தையும் கிராஃபைட்டையும் ஆக்சைடுகளையும் எந்த உலோகம் நனைக்கும் என்று பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார். பிரான்சின் கிரெனோபிளில் நிக்கோலஸ் யூஸ்டாதோபுலோஸின் குழு, வினை நடக்கும்போது துளி எப்படிப் பரவுகிறது என்று நொடி நொடியாகப் படம் பிடித்தது. கருவி எளிமையானதுதான். உலைக்குள் தகடு, தகட்டின் மேல் உலோகத் துண்டு, ஒரு பக்கம் ஒளி, மறுபக்கம் கேமரா. நிழலுருவின் விளிம்பில் கோணத்தை அளக்க வேண்டும்.

அவர்கள் தீர்க்கப் பார்த்த கேள்வி சுவையானது. வினையில் வெளியாகும் ஆற்றல்தான் துளியைத் தள்ளிப் பரப்புகிறதா? ஆற்றல் அதிகமென்றால் பரவலும் அதிகம் என்பது பழைய எண்ணம். கிரெனோபிள் குழுவின் அளவுகள் வேறு கதையைச் சொல்லின. துளி கடைசியில் எந்தக் கோணத்தில் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது, வினையில் பிறந்த புதுப்பொருளோடு அந்தத் திரவத்துக்கு உள்ள உறவு. பழைய பரப்புக்கு அங்கே இனி வேலையில்லை. துளியின் விளிம்பில் வினை நடந்து ஓரிழை புதுப்பொருள் பிறக்கிறது. திரவம் அதன் மேல் ஓர் அடி வைக்கிறது. அடுத்த அடிக்கு மறுபடி தின்ன வேண்டும். தான் போட்ட பாதையில் தானே நடக்கிற திரவம்.

இதை எல்லாவற்றையும்விடத் தெளிவாகக் காட்டுவது சிலிக்கான். இனி இந்த அத்தியாயத்தின் நாயகன் அதுதான்.

சிலிக்கானை உலோகம் என்று சொல்லலாமா என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். திடமாக இருக்கும்போது அது குறைகடத்தி. நம் கைபேசியில் இருப்பது அந்த அவதாரம். 1414 டிகிரியில் உருகிய நொடியிலிருந்து அது உண்மையாகவே உலோகம். ஒவ்வோர் அணுவும் நான்கு அண்டை அணுக்களைப் பிடித்திருந்த ஒழுங்கு கலைந்து, நெருக்கமாகத் திரள்கிறது, எலக்ட்ரான்கள் விடுபட்டு ஓடுகின்றன, அடர்த்தி ஏறுகிறது. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது விரிவதைப் போலச் சிலிக்கானும் உறையும்போது விரியும், ஏறத்தாழ 10 விழுக்காடு. இந்தக் குணம் பின்னால் ஒரு தொல்லையாகத் திரும்பி வரும்.

கண்ணாடி போன்ற வழவழப்பான கார்பன் தகட்டின் மேல் சிலிக்கானை உருக்கினால், முதல் கணத்தில் அதன் சேர்கோணம் 145 டிகிரிக்குப் பக்கத்தில். வெள்ளி அலுமினாவோடு இருந்ததைவிட மோசமான உறவு. பிறகு விளிம்பில் வினை தொடங்குகிறது. கார்பனும் சிலிக்கானும் சேர்ந்து சிலிக்கான் கார்பைடு. அந்தக் கார்பைடை உருகிய சிலிக்கானுக்கு மிகவும் பிடிக்கும். கோணம் இறங்கிக்கொண்டே வந்து 40 டிகிரிக்குக் கீழே போய் நிற்கும். சிலிக்கான் கார்பனை நனைக்கிறது என்று பாடநூல்கள் எழுதுவது ஒரு சுருக்கப் பேச்சு. தான் செய்த கார்பைடைத்தான் அது நனைக்கிறது.

எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கும் இயற்கையே இங்கே விடை வைத்திருக்கிறது. கார்பைடு அடுக்கு ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர் தடித்ததும் வினை வேகம் இழந்துவிடும். அதற்குமேல் சிலிக்கான் அணுவும் கார்பன் அணுவும் சந்திக்க வேண்டுமானால் அந்த அடுக்கின் ஊடே ஊர்ந்து வர வேண்டும். சிலிக்கான் கார்பைடு அவ்வளவு எளிதில் வழிவிடும் பொருளல்ல. தின்றதில் பிறந்ததே வாயை அடைக்கிறது. அலுமினியத்துக்கு இந்த நல்லொழுக்கம் கிடையாது. அதுவும் கார்பனைத் தின்னும், ஆனால் பிறப்பது அலுமினியம் கார்பைடு. ஈரக்காற்று பட்டால் அது மீத்தேனை விட்டுக்கொண்டு பொடிந்துபோகும். காப்பு இடப் போய்ப் புண்ணை உண்டாக்கிய கதை.

கார்பனுக்குக் காப்பு எதற்கு? 2000 டிகிரிக்கு மேலும் வலுவிழக்காத பொருள்கள் உலகில் மிகச் சில. கார்பன் இழையைக் கார்பனிலேயே பதித்துச் செய்த கார்பன்-கார்பன் அவற்றில் ஒன்று. எடையும் குறைவு. ஒரே குறை, காற்றில் 500 டிகிரியைத் தொடுவதற்குள் எரியத் தொடங்கிவிடும். என்ன இருந்தாலும் அது கரிதானே. பொறியாளர்கள் இதைச் செராமிக் குடும்பத்தில் சேர்த்தே பேசுவது வழக்கம், நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

அமெரிக்க விண்வெளி ஓடத்தின் மூக்கு நுனியையும் இறக்கைகளின் முன்விளிம்பையும் இந்தக் கார்பன்-கார்பனில்தான் செய்திருந்தார்கள். ஒவ்வோர் இறக்கைக்கும் 22 பலகைகள். ரேயான் துணியைப் பீனாலிக் பிசினில் தோய்த்து, அடுக்கி, கரியாக்கி, மறுபடி பிசின் ஊட்டி மறுபடி கரியாக்கி, அப்படிச் செய்த கரும்பலகையை ஒரு பொடிக் கலவைக்குள் புதைப்பார்கள். 60 விழுக்காடு சிலிக்கான் கார்பைடு, 30 விழுக்காடு சிலிக்கான், 10 விழுக்காடு அலுமினா. ஆர்கான் சூழலில் சுமார் 1760 டிகிரி. அந்தச் சூட்டில் சிலிக்கான் உருகியும் ஆவியாகியும் பலகையின் மேல்தோலைத் தாக்கும். பலகையின் வெளிப்புறத்தில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை கார்பன் இருந்த இடமெல்லாம் சிலிக்கான் கார்பைடாகிவிடும். கறுப்புப் பலகை சாம்பல் நிறத்தில் வெளியே வரும். பெயின்ட் அடித்தால் பொருளின் தடிப்பு கூடும். இங்கே பொருளின் சதையே காப்பாக மாறியிருக்கிறது. அதனால் உரிந்து விழுவதற்கு இடமில்லை.

சிலிக்கான் கார்பைடு காக்கும் விதமும் விந்தையானது. அதுவும் ஆக்சிஜனோடு வினை புரியும். ஆனால் பிறப்பது சிலிக்கா, அதாவது கண்ணாடி. மெல்லிய கண்ணாடித் தோல் ஒன்று மேலே படர்ந்து ஆக்சிஜனை வெளியே நிறுத்திவிடும். கீறல் விழுந்தால் அங்கே புதிதாகக் கண்ணாடி பிறந்து மூடும்.

அந்தத் தோலிலும் ஓர் ஓட்டை உண்டு. உலையிலிருந்து எடுத்துக் குளிரவிடும்போது சிலிக்கான் கார்பைடு சுருங்கும். அடியில் உள்ள கார்பன்-கார்பன் அவ்வளவு சுருங்காது. மேல்தோல் இழுபட்டு, மயிரிழை விரிசல்கள் வலையாகப் பரவும். தவிர்க்க வழியில்லை, பொருளின் இயல்பு அது. விரிசலைச் சிலிக்கா சார்ந்த நிரப்பிகளால் அடைத்து, மேலே சோடியம் சிலிக்கேட் கலந்த அடைப்பைப் பூசி அனுப்பினார்கள். இதிலுள்ள முரண் என்னவென்றால், மிக உயர்ந்த சூட்டில் விரிசல் தானே மூடிக்கொள்ளும். தோல் விரிந்து பிறந்தபோதிருந்த அளவுக்குத் திரும்பிவிடுகிறது அல்லவா. ஆபத்து நடுத்தரச் சூட்டில். விரிசல் திறந்தே இருக்கும். கண்ணாடி வேகமாகப் பிறக்கும் அளவுக்குச் சூடு போதாது. கார்பன் எரிவதற்கு மட்டும் அந்தச் சூடு தாராளம்.

1992-இல் கொலம்பியா ஓடத்தின் முன்விளிம்புப் பலகைகளில் ஊசித் துளைகள் தென்பட்டன. காரணத்தைத் தேடிப் போனவர்கள் ஏவுதளத்தின் பெயின்டில் போய் நின்றார்கள். கடலோர உப்புக்காற்றில் இரும்புக் கட்டமைப்பு துருப்பிடிக்காமலிருக்க அதற்குத் துத்தநாகம் நிறைந்த அடிப்பூச்சு அடித்திருந்தார்கள். ஏவுதளத்தில் காத்து நிற்கும் ஓடத்தின் மேல், மழைநீர் அந்தத் துத்தநாகத்தைக் கழுவிக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. திரும்பி வரும் பயணத்தின் சூட்டில் துத்தநாக ஆக்சைடு, பலகையைக் காத்துவந்த சிலிக்காக் கண்ணாடியோடு கலந்து அதை இளக்கிக் கெடுத்தது. இரும்பைக் காக்க வைத்த உலோகம் கார்பனின் காப்பில் துளை போட்டது. 2003 பிப்ரவரி 1-இல் கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரோடு கொலம்பியா அழிந்ததற்கு இந்தத் துளைகள் காரணமல்ல. ஏவும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்து வந்த நுரைத் துண்டு இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதிப் பலகையையே உடைத்தது. பத்து மைக்ரோமீட்டரானாலும் ஒரு மில்லிமீட்டரானாலும், தோலுக்கு அடியில் உள்ள சதை உடைந்தால் தோலால் என்ன செய்ய முடியும்?

சிலிக்கானை மேல்தோலோடு நிறுத்தாமல் உள்ளேயே விட்டால் என்ன என்ற யோசனை இன்னொரு கிளையாக வளர்ந்தது. துளைகள் நிறைந்த கார்பன் பண்டத்தின் அடியில் உருகிய சிலிக்கானைத் தொடவிட்டால் போதும்; விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல நுண்புழைகள் வழியாகத் தானே ஏறும். உருகிய சிலிக்கான் தண்ணீரைவிட நீர்த்தது. பாகுநிலை அவ்வளவு குறைவு. பரப்பு இழுவிசையோ தண்ணீரைப் போலப் பத்து மடங்கு. 10 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள புழையில் தண்ணீர் ஒன்றரை மீட்டர் ஏறும் என்றால், சிலிக்கான் நான்கு மீட்டருக்கும் மேல் ஏற வேண்டும் என்று காகிதக் கணக்கு சொல்கிறது. பம்பு வேண்டாம், அழுத்தம் வேண்டாம்.

வழியில் ஒரு சிக்கல். கிராஃபைட் சிலிக்கான் கார்பைடாக மாறும்போது கன அளவு இரண்டு மடங்குக்கு மேல் பெருக்கும். புழை குறுகலாக இருந்தால் ஏறும் வழியிலேயே சுவர் வீங்கித் தொண்டையை அடைத்துக்கொள்ளும். உள்ளே கார்பன் பச்சையாகக் கிடக்கும். புழை அகலமாக இருந்தால் அடைபடாது, ஆனால் வினை முடிந்தபின் எஞ்சிய சிலிக்கான் உள்ளே தேங்கிவிடும். உறையும்போது அது விரியும் என்றேனே, இடம் போதாமல் பண்டத்தின் மேற்பரப்பில் வியர்வைத் துளிகளாகப் பிதுங்கி நிற்கும். உலையிலிருந்து எடுத்தபின் அந்த மணிகளைச் சுரண்டி எடுப்பது இந்தத் தொழிற்சாலைகளில் அன்றாட வேலை.

பிரிட்டனின் அணுசக்தி ஆணையம் உலை எரிபொருளுக்கு உறை செய்யலாம் என்ற எண்ணத்தில் இந்த முறையில் ரெஃபல் என்ற சிலிக்கான் கார்பைடை உருவாக்கியது. அதே குடும்பத்துப் பொருள் இன்று பம்புகளின் மெக்கானிக்கல் சீல் வளையமாகத் தண்ணீரிலும் அமிலத்திலும் சுழன்றுகொண்டிருக்கிறது. ஜெர்மன் விண்வெளி மையத்தின் ஸ்டட்கார்ட் ஆய்வகம் வேறு பக்கம் போனது. கார்பன் இழையும் பிசினும் சேர்ந்த பலகையைக் கரியாக்கினால் பிசின் சுருங்கி, இழைக் கட்டுகளுக்கு நடுவே ஒழுங்கான விரிசல் வலை பிறக்கிறது. விரிசலைக் குறை என்று எல்லோரும் நினைத்தபோது, அதையே சிலிக்கானுக்குக் கால்வாயாக அவர்கள் வைத்துக்கொண்டார்கள். சிலிக்கான் அந்தக் கால்வாய்களில் ஓடிக் கரைகளை மட்டும் கார்பைடாக்கும். கட்டுக்கு உள்ளே உள்ள இழைகள் தப்பிவிடும். விண்கலத்துக்கென்று பிறந்த இந்தப் பொருள் வழியில் கார்ப் பட்டறைக்குள் நுழைந்தது. 2001-இல் போர்ஷே தன் 911 ஜிடி2 காரில் இவ்வகைப் பிரேக் தட்டைக் கொண்டுவந்தது. வார்ப்பிரும்புத் தட்டோடு ஒப்பிட்டால் எடை பாதி. விலையைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது.

விமான எஞ்சின் கதை இதைவிடக் கறாரானது. சிலிக்கான் கார்பைடு இழைகளுக்குப் போரான் நைட்ரைடு உறை போட்டு, இடைவெளிகளைக் கார்பைடுப் பொடியாலும் கார்பனாலும் நிரப்பி, கடைசியில் உருகிய சிலிக்கானை ஊறவிட்டு ஜெனரல் எலக்ட்ரிக் செய்த பாகம் 2016 முதல் லீப் எஞ்சின்களில் பறக்கிறது. டர்பைன் இறகுகளைச் சுற்றி நிற்கும் வளையம் அது. உலர்ந்த காற்றில் இந்தப் பொருள் ஆண்டுக்கணக்கில் தாங்கும். ஆனால் எஞ்சினுக்குள் இருப்பது உலர்ந்த காற்றல்ல. எந்த எண்ணெயை எரித்தாலும் நீராவி பிறக்கும். நீராவி அந்தச் சிலிக்காத் தோலோடு சேர்ந்து சிலிக்கான் ஹைட்ராக்சைடு என்ற வாயுவாகப் பறந்துவிடும். தோல் போகப் போக அடியிலிருந்து புதிய தோல் பிறக்கும், அதுவும் பறக்கும். சுவர் மெல்ல மெல்லத் தேயும்.

இதற்கு மருந்தாக நாசாவும் எஞ்சின் நிறுவனங்களும் 1990-களில் உருவாக்கிய காப்பில் முதல் அடுக்கு மறுபடியும் உருகிய சிலிக்கான்தான். இந்த முறை ஊறவிடுவதில்லை. பிளாஸ்மாத் துப்பாக்கியால் தெளிக்கிறார்கள். சிலிக்கான் பொடி பிளாஸ்மாச் சுடரில் உருகித் துளித்துளியாகப் பறந்து, கார்பைடுச் சுவரில் மோதி அப்பளமாய்த் தட்டையாகி உறைகிறது. இங்கே தின்னும் வேலை இல்லை, அதற்கு நேரமும் இல்லை. சிலிக்கானுக்குச் சிலிக்கான் கார்பைடு முன்னமே பிடித்த பரப்பு. இரண்டும் சூட்டில் விரிவதும் கிட்டத்தட்ட ஒரே அளவில். அதன் மேல் நீராவிக்கு அசையாத சிலிகேட் அடுக்கு. கலிபோர்னியாவில் சோலார் டர்பைன்ஸ் நிறுவனத்தின் மின்னுற்பத்தி எஞ்சின் ஒன்றில் சோதித்தபோது, காப்பில்லாத எரியறைச் சுவர் 5000 மணி நேர அளவில் தேய்ந்து ஓய்ந்தது. காப்பிட்டது ஏறத்தாழ 14,000 மணி நேரம் ஓடியது.

நம் பக்கத்தில் இந்தக் கதையின் ஒரு பகுதி மகேந்திரகிரியில் நடந்தது. பிஎஸ்எல்வி ஏவூர்தியின் நான்காம் கட்டத்து எஞ்சின்களில் புகை வெளியேறும் விரிகுழலைக் கொலம்பியம் உலோகக் கலவையில் செய்துவந்தார்கள். அதற்குப் பதிலாகக் கார்பன்-கார்பனில் செய்து, ஆக்சிஜன் தாக்காமலிருக்கச் சிலிக்கான் கார்பைடுக் காப்பிட்டு, 2024 மார்ச் 19-இல் 60 நொடியும் ஏப்ரல் 2-இல் 200 நொடியும் எரித்துப் பார்த்தார்கள். குழலின் சூடு 1216 கெல்வினைத் தொட்டது. எடை 67 விழுக்காடு குறையும், ஏவூர்தி 15 கிலோ கூடுதலாகச் சுமக்கும் என்று இஸ்ரோ அறிவித்தது. 1216 கெல்வின் என்றால் 943 டிகிரி செல்சியஸ். சிலிக்கான் கார்பைடுக்கு இது பெரிய சூடே அல்ல. காப்பில்லாத கரிக்கோ, அந்தச் சூட்டில் ஆக்சிஜன் கிடைத்தால் மிச்சமிருக்காது.

சிலிக்கானால் போகக்கூடிய தூரமும் ஏறத்தாழத் தெரிந்துவிட்டது. உலையில் 1414 டிகிரியில் உருகி ஓடியதால்தானே அது இத்தனை வேலையும் செய்தது. பண்டத்துக்குள் எஞ்சிக் கிடக்கும் சிலிக்கானும் காப்பின் முதல் அடுக்காக நிற்கும் சிலிக்கானும் எஞ்சினுக்குள்ளும் அதே சூட்டில்தான் உருகும். ஆகவே இவ்வகைப் பாகங்களை அதற்குக் கொஞ்சம் கீழேயே வைத்து ஓட்ட வேண்டியிருக்கிறது. அடியில் உள்ள கார்பைடு அதற்கும் மேலே தாங்கும் என்பதுதான் ஆய்வாளர்களை உறுத்துகிறது. சிலிக்கானோடு ஹாஃப்னியம் ஆக்சைடைச் சேர்த்துத் தெளித்துப் பார்க்கிறார்கள். ஊறவிடும் சிலிக்கானில் வேறு உலோகங்களைக் கரைத்து, மிச்சமாவது எளிதில் உருகாத சேர்மமாக உறையட்டும் என்று முயல்கிறார்கள். வேறு உலோகம் சேர்ந்தால் திரவத்தின் பசியும் மாறும், அது பிறப்பிக்கும் பொருளும் மாறும். சேர்கோணத்தை மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டும்.